இன்றைக்கு எத்தனை டன்

கிடினியா துறைமுகத்தில்
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
காலடியும் கண்ணாடிதான்.
பதினெட்டு வருடம் அதற்குள் உட்கார்ந்து
கப்பல் வயிற்றிலிருந்து பெட்டிகளைத் தூக்கியிருக்கிறேன்.
ஒருநாளும் தலை சுற்றியதில்லை.

தரைதான் என்னைக் கவிழ்த்தது.
வெங்காயம் வாங்கப் போயிருந்தேன்.
ஊறுகாய்ப் புட்டிகள் அடுக்கிய மூன்றாம் வரிசையில்
ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்ததைத் தவிர
வேறு காரணமே இல்லாமல்
மூச்சு முட்டியது. விரல்கள் மரத்தன.
நெஞ்சுக்குள் யாரோ கதவை உதைத்தார்கள்.
இதோ சாகிறேன் என்று நினைத்தேன்,
வெள்ளரிக்காய்களுக்கு முன்னால்,
கையில் காலிக் கூடையோடு.

ஆஸ்பத்திரியில் இதயத்தைக் கோடாக வரைந்தார்கள்.
கோடு ஒழுங்காக ஓடியது.
"ஒன்றுமில்லை" என்றார் இளம் டாக்டர், நல்ல சேதி போல.
அந்த ஒன்றுமில்லையைத் தூக்கிக்கொண்டு
வீட்டுக்கு நடந்தேன்.
அவ்வளவு பாரத்தை எந்தக் கப்பலிலிருந்தும் இறக்கியதில்லை.

பிறகு கடைக்குப் போவதை நிறுத்தினேன்.
பிறகு பேருந்து.
பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை, மச்சினன் வீடு, கடைசியில் வேலையும்.
ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்ததில்
நவம்பரில் மிஞ்சியது கட்டில்.
ஹால்ஷ்கா தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.
ஆறியதை எடுத்துப்போவாள்.
"எழுந்து நாலு பேரோடு பழகு" என்றான் மச்சினன்,
நங்கூரத்திடம் கொஞ்சம் மிதந்து பார் என்பதுபோல.

டாக்டர் தோப்ராவா ஒரு தாளை நீட்டினார்.
கடந்த இரண்டு வாரத்தில்
எத்தனை நாள் தூக்கமில்லை,
எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை,
எத்தனை நாள்
இல்லாமல் போனால் தேவலை என்றிருந்தது.
அங்கே பேனா நின்றது.
அவர் அவசரப்படுத்தவில்லை.
ஜன்னல் விளிம்பில் ஒரு கடற்புறா
ரொட்டித் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
'சில நாள்' என்று எழுதினேன்.
கூரை இடிந்து விழவில்லை.
"எழுதியது நல்லது" என்றார்.
அந்தச் சில நாட்களைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கேட்டார்.

வேலையைப் பற்றியும் கேட்டார். சொன்னேன்:
கம்பியில் எடை காட்டும் முள் உண்டு.
கனத்த பெட்டியைவிடக் காலிப் பெட்டிதான் காற்றில் அதிகம் ஆடும்.
காற்று வரம்பு மீறினால் சைரன் அலறும்,
கிரேனைத் தரையோடு பூட்டிவிட்டு இறங்கிவிடுவோம்.
"கோழை என்று யாராவது திட்டுவார்களா?"
"யாரை, கிரேனையா?"
சிரித்துவிட்டேன்.
துருப்பிடித்த கீல் திறந்த சத்தம் கேட்டது.

மாத்திரை முதலில் குமட்டலைத்தான் தந்தது.
வாய் உலர்ந்தது. தூக்கிப் போட நினைத்தேன்.
"மெதுவாக வரும் சரக்கு, பொறுங்கள்" என்றார்.
ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை
தேநீரைச் சூடாகவே குடித்துவிட்டேன்.
ஹால்ஷ்கா ஒன்றும் சொல்லவில்லை.
காலிக் கோப்பையை இரண்டு முறை கழுவினாள்.

வீட்டுப்பாடம்: கடை.
வாசலில் ஐந்து நிமிடம். மறுநாள் முதல் வரிசை.
பயம் வந்தால் ஓடக் கூடாது,
நின்று, அதற்கொரு எடை சொல்ல வேண்டும்.
புதன்கிழமைகளில் போனில் கேட்பார்,
"இன்றைக்கு எத்தனை டன்?"

மூன்றாம் வரிசை. எட்டு.
நின்றேன். எட்டு.
ஒரு சிறுவன் என் பூட்ஸை முறைத்தான். எட்டு.
ஏழரை.
அலை எவ்வளவுதான் எழும்பினாலும் இறங்கித்தானே ஆக வேண்டும்,
கடலைப் பார்த்தே சம்பளம் வாங்கியவனுக்கு
இது எப்படித் தெரியாமல் போனது?
ஐந்து.
ஒரு புட்டி வெள்ளரிக்காய் ஊறுகாயோடு வெளியே வந்தேன்.
வெங்காயத்தை மறந்திருந்தேன்.

நேற்று உடைமாற்றும் அறையில்
கிராட்சியான், எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன்,
ஷூ நாடாவைக் கட்டியபடி நிமிராமல் கேட்டான்,
"அந்த டாக்டரம்மா நம்பர் இருக்கா?"
சரக்குச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
மடித்து மடித்துத் தொப்பிக்குள் செருகினான்.

வெளியே காற்று பதினான்கு. ஏறலாம்.
எனக்கு இன்றைக்கு மூன்று.